உப்புக்கண்டத்தில் கொட்டிய வெடியுப்பு

ஐப்பசி 9, செவ்வாய், இரவு.

இன்று ஒரு சர்க்காரையே ஏமாற்றினேன். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

தங்கை மகளின் கல்யாணத்துக்கு ஒரு பானை இறைச்சியை உப்புக்கண்டம் போட உட்கார்ந்தேன். அடைமழை. வெறும் உப்புப் போட்டால் கெட்டுவிடும் என்று வெடியுப்பும் ஒரு சிட்டிகை சேர்ப்பது எங்கள் வழக்கம். பொட்டலத்தைப் பிரித்த நேரம், தமிழர் எல்லைப் போராட்டக்காரர்களைத் தேடிவந்த மலையாளப் போலீஸ்காரர் வாசலில் நின்றார். வெடியுப்பைக் கண்டால் என்னை வெடிகுண்டுச் சக்கரவர்த்தி என்று பிடித்துக்கொண்டு போவார். பொட்டலம் முழுவதையும் பானையில் கொட்டிப் பிசைந்தேன்.

“எந்தாடோ இது?”

“உப்புக்கண்டம் ஆக்கும், ஏமானே. மருமவளுக்க கல்யாணம் உண்டு.”

“என் வீட்டுக்காரிக்கு எட்டு மாசம். இறைச்சின்னா உயிரு. நாளைக்கு வேவிச்சுக் குடுக்கணும்” என்று நாலு துண்டை இலையில் பொதிந்தார். மாவீரனாகிய நான் கட்டுவதற்கு வாழைநார் எடுத்துக் கொடுத்தேன்.

சிட்டிகைக்கு மேல் போனால் வெடியுப்பு விஷம்; அவர் போனதும் பானையைக் குழிதோண்டிப் புதைத்தேன். தங்கை பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“கல்யாணத்துக்குக் கோழி அறுக்கலாம் அண்ணா. அந்தப் பிள்ளத்தாச்சி தின்னா என்ன ஆவும்? நார் எடுத்துக் குடுத்த கையாக்குமே, போய்த் திருப்பி வாங்கிட்டு வா.”

அந்த நாலு துண்டில் ஏழு யானை சாயும் என்று வேறொரு நாள் அளந்திருப்பேன். இன்று ஒரு துண்டு என்ன செய்யும் என்றே எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் லாக்கப்தான்.

அவர் வீடு அமரவிளையில். விடிந்ததும் அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

சட்டையை எங்கே கழற்றிப் போட்டேன்?