பூமணியின் எண்ணெயும் என்ட பத்து விரலும்

என்ட செல்லப் பூமணி மச்சாளுக்கு, எனக்கு வாய் காட்டியே காலத்தக் கழிச்சவளுக்கு,

உன்ட ஆண்டுத் திவசத்துக்கு நினைவுப் புத்தகம் அடிக்கிறாங்கள். எல்லாரும் உன்னத் தெய்வம், பொறுமைசாலி எண்டு எழுதிக் குடுத்திருக்காங்கள். பொறுமைசாலியாம்! உன்ட அக்காவக் கட்டின நாள்ல இருந்து உன்னட்டப் பேச்சு வாங்கினவன் நான். எனக்குத் தெரியாதா கா? நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவன். பிழை கிடந்தா அங்க இருந்து சிரி.

செய்தி என்னண்டா, எனக்குப் பாஸ்போட் கிடைச்சிட்டு! எல்லாம் உன்ட எண்ணெயாலதான்.

நம்மட கலாவுக்குக் கனடாவில பொம்புளப் புள்ள பிறந்திரிக்கு. அக்கா செத்தாப்பிறகு நீதானே கலாவ வளத்தாய். இப்ப நீயும் இல்ல. "அப்பா, நீங்களாவது வந்து புள்ளயத் தூக்குங்க" எண்டு போன்ல அழுதாள். உடன பாஸ்போட் எடுக்கிற கந்தோருக்குப் போனன். அங்க விரல் அடையாளம் எடுக்கிற மெசின் ஒண்டு. பத்து விரலும் வச்சன். ஒண்டையும் பிடிக்கல்ல. ஐம்பது வருசம் வாவியில வலை இழுத்த கை. உப்பும் கயிறும் திண்டு, வெடிச்சி, ரேகை அழிஞ்சி போயித்து.

"ஐயா, உங்கட கையில ரேகையே விழுகுதில்ல" எண்டாள் அங்க இருந்த புள்ள.

"அப்ப எனக்குத் தலைவிதியே இல்லையா மகள்?"

சிரிச்சாள். ஆனா, கையச் சுகமாக்கிக்கொண்டு வாங்க எண்டு அனுப்பிட்டாள். வெளிய வந்து மரத்துக்குக் கீழ இருந்தன். பகிடி ஒண்டும் வாயில வரல்ல மச்சாள். ரேகை வராட்டி பேத்தியச் சாகும் வரைக்கும் போன்லதானே பாக்கணும்?

கலாதான் சொன்னாள், "சின்னம்மாட எண்ணெயப் பூசுங்கப்பா" எண்டு. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் பாதிக்குப் பாதி. நீ அதத் தலைக்கும் வைப்பாய், காலுக்கும் தடவுவாய். "இதில விற்றமின் ஈ இரிக்கு அத்தான், தோலுக்கு நல்லம்" எண்டு என்னையும் கலைச்சிக் கலைச்சிப் பூசப் பாப்பாய். "ஈ கிடந்தா முதல்ல வடிச்செடு" எண்டிட்டு நான் ஓடிருவன்.

இப்ப என்ட கூத்தக் கேள். அடுத்த தரம் கந்தோருக்குப் போற அண்டைக்குக் காலையிலதான் அரைப் போத்தல் எண்ணெய ரெண்டு கையிலயும் ஊத்திப் பிரட்டிக்கொண்டு போனன். கண்ணாடியில விரல் வழுக்கி ஓடுது.

"ஐயா, விரல் வைக்க வந்தநீங்களா, வடை சுட வந்தநீங்களா?" எண்டாள் அந்தப் புள்ள. கண்ணாடியத் துடைச்சித் துடைச்சிக் களைச்சிப் போனாள்.

பிறகுதான் நீ சொல்றது ஞாபகம் வந்தது. "ஒவ்வொரு நாளும் ஒள்ளுப்பம், கொஞ்சமே கொஞ்சம் பூசணும் அத்தான், ஈரம் காய முந்திப் பூசணும்." ஒரு மாசம் வலையத் தொடல்ல. குளிச்சிட்டு வந்து ஈரக் கையில நாலு சொட்டு விட்டு, விரல் விரலாத் தேச்சன். நம்மட ஊர் நாவற்குடா முழுக்க ஒரே பகிடி. "கிழவன் ரெண்டாந்தாரம் தேடுறான் போல" எண்டாங்கள். "ஓம், பொம்புள இருந்தாச் சொல்லுங்க" எண்டன். மூண்டாம் கிழமை பெருவிரல்ல வெடிப்பு மூடி, மெல்லிசாக் கோடு தெரிஞ்சது. வெயில்ல புடிச்சிப் புடிச்சிப் பாத்தன்.

மூண்டாந்தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவி, நல்லாத் துடைச்சிட்டுப் போய் விரல வச்சன். பச்சை லைட். அடுத்த விரல், பச்சை. பத்தும் பச்சை மச்சாள்! அந்தப் புள்ள எழும்பிக் கை தட்டினாள். லைன்ல நிண்ட சனமும் தட்டினது. எனக்கு இந்த வயசு வரைக்கும் ஆர் கை தட்டினது?

நீ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாய்? உசிரோட இருக்கக்குள்ள என்னை வெல்ல ஏலாமப் போய், செத்தாப்பிறகு வெண்டவள் நீ. ஒத்துக்கொள்றன். இண்டைக்கு மட்டுந்தான், பழகிராத.

விசாவும் சரி, வாற மாசம் பிளேன் ஏறுறன். பேத்திக்குப் பதிவில என்னவோ ஒரு பேர், என்ட வாயில நுழையுதில்ல. வீட்டுப் பேர் நான்தான் வைப்பன் எண்டு கலாவிட்டச் சொல்லிட்டன். பூமணி. இது உனக்கு நான் தாற சத்தியம். அந்தப் பேரச் சொல்லி ஆரையாவது சீண்டாட்டி எனக்குச் சோறு இறங்குதில்ல கா.

உன்ட அக்காவக் கட்டின அத்தான்,
கந்தையா