கல்பாசி மணத்த சாம்பார்

இன்று காலை கிர்ணிக்குப் போயிருந்தேன். மாவு மில்லை மில் என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது; புனேயில், இந்தக் கட்கியில் இத்தனை வருஷம் குடியிருந்துவிட்டு வேறெப்படிச் சொல்வது? மே மாதம் அல்லவா, வரிசை தெருவரைக்கும் நின்றது. மராட்டிப் பெண்கள் வருஷத்துக்கு வேண்டிய காலா மசாலாவுக்கான சாமானைத் தூக்குத் தூக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். வறுத்த கொப்பரை, எள், கிராம்பு, எல்லாவற்றுக்கும் மேலே கல்பாசி. படியேறுவதற்கு முன்பே அந்த வாசனை என் மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கையில் சாம்பார் பொடிக்கான சாமான் டப்பா. உன் ஞாபகம் வராமல் இருக்குமா?

"இன்னா வாசனடீ?" என்று கேட்க நீ பக்கத்தில் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம், நம் வீட்டுக்காரர்கள் வேலை பார்த்த ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் ஒரே லைனுக்கு மருமகளாக வந்தவர்கள். நீ வேலூர்ப் பக்கம், நான் கோவில்பட்டி. உன் 'இன்னா'வை நான் கிண்டல் செய்வேன், என் 'ஏட்டி'யை நீ கிண்டல் செய்வாய். இந்தி தெரியாமல் காய்கறிக்காரனிடம் சேர்ந்தே அவமானப்பட்டோம், சேர்ந்தே கற்றுக்கொண்டோம். உனக்கு மூக்கு போனது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். ஒரு மழைக்காலத்தில் ஜலதோஷமும் காய்ச்சலுமாகப் படுத்தாய். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள் உன் வீட்டிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடி வந்து பார்த்தால் அடுப்பில் பருப்பு கரிந்து புகைந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து, நீ அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். நான் அடுப்பை அணைத்தேன். நீ பாத்திரத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். வாசனை தெரிவது சில மாதத்தில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உன் வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி முற்றி வேலையை விட வேண்டியதாயிற்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் லைனுக்குப் பின்னாலிருந்த சந்தில் இரண்டு அறைக்குக் குடிவந்தாய். அந்தச் சமயம்தான் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் புனேவுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். நாலைந்து பேராக ஃப்ளாட் எடுத்துத் தங்கி, சப்பாத்தியைத் தின்று சலித்துக் கிடந்தார்கள். அவர்களுக்குச் சைவச் சாப்பாட்டு டப்பா அனுப்பப்போகிறேன் என்றாய். மூக்கை வைத்துக்கொண்டே சமையல் தெரியாதவர்கள் இருக்கும்போது, மூக்கில்லாமல் எப்படி என்று கேட்டேன்.

"உப்பு, புளி, காரம் நாக்குக்குத் தெரியுது. மீதிக்கு நீ இருக்கியே," என்றாய். அதோடு நிறுத்தவில்லை. "யாருக்கும் சொல்லிடாத. மூக்கு செத்தவ சமைக்கிறான்னா எவன் துன்னுவான்?"

அன்று முதல் காலையில் குழாய்த் தண்ணீர் பிடித்துவைத்ததும் உன் அடுப்படிக்கு வருவது என் வேலையாயிற்று. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா, பருப்பு அடிப்பிடித்ததா, மோர் புளித்துப் போனதா, தாளித்த பெருங்காயம் கருகியதா என்று மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. நல்லா இருக்குன்னா இன்னா அர்த்தம் என்று மடக்குவாய். மல்லி வறுபடும்போது ஒவ்வொரு கட்டமாகச் சொல்லச் சொல்வாய். முதலில் ஈரச் சாக்கு மாதிரி இருக்கிறது, இப்போது எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகிறது, இப்போது இஸ்திரி போட்ட துணி மாதிரி, இறக்கு இறக்கு என்பேன். நீ இறக்குவாய். அதுவரை நான் எதையும் இப்படி மோந்து பார்த்தவள் இல்லை. வெந்தயத்துக்கும் கடுகுக்கும் உள்ள வாசனை வித்தியாசத்தை வாயால் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் வரும்? உனக்காக வந்தது.

சாயங்காலம் டீ. பெயின்ட் டப்பாவில் நீ வளர்த்த எலுமிச்சைப் புல்லில் ரெண்டு தாளைக் கிள்ளி, முடிச்சுப் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் போடுவாய். இந்த ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டது அது. உனக்கு அது வெறும் சூடான சர்க்கரைத் தண்ணீர்தான். ஆனாலும் தம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு, நான் வாசனையைச் சொல்லக் காத்திருப்பாய்.

நான் சிஞ்ச்வட்டில் கொழுந்தனார் மகளின் வளைகாப்புக்குப் போயிருந்த வாரத்தில் அது நடந்தது. பொடி தீர்ந்துவிட்டது. நான் வரும்வரை பொறுக்காமல் நீயே கிர்ணிக்குப் போனாய். எப்போதும் நான்தான் மசாலா மெஷினின் வாய்க்குப் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பேன். முன்னால் யாராவது காலா மசாலா அரைத்திருந்தால், வெறும் மிளகாய் அரைக்க வந்தவர்கள் ரெண்டு பேரை முன்னால் விட்டு, மெஷினில் ஒட்டிய வாசனை போன அப்புறம்தான் நம் டப்பாவைக் கொடுப்பேன். உனக்கு அது எப்படித் தெரியும்? கிர்ணிக்காரர் சொன்னபடி ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு, நம் பொடியை அரைத்து வாங்கி வந்துவிட்டாய். ஒரு பிடி அரிசிக்குப் போகிற வாசனையா கல்பாசி?

மறுநாள் மத்தியானமே ஃபோன் வந்ததாம். கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன், எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவன், "சாம்பார்ல பிரியாணி வாசம் வருதுங்க அக்கா," என்றான். வாசனையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கறி சமைத்த பாத்திரத்தில் சாம்பார் வைத்துவிட்டாள் என்று பேச்சு ஃப்ளாட் ஃப்ளாட்டாகப் பரவிவிட்டது. சைவச் சாப்பாடு என்று நம்பித்தான் பாதிப் பேர் வாங்கினார்கள். சிலர் மறுநாளிலிருந்து டப்பா வேண்டாம் என்றார்கள்.

நான் சிஞ்ச்வட்டிலிருந்து திரும்பி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நீ அந்தப் பொடி டப்பாவைத் திறந்து நீட்டினாய். மூடி திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிர்ணிக்காரர் தலையில் பழியைப் போட்டுவிடலாம் என்றேன். அப்படிச் சொன்னாலும், இத்தனை வாசனை அடித்தும் கவனிக்காமலா அத்தனை டப்பாவிலும் ஊற்றினாய் என்று கேட்பார்கள் என்றாய். ஏமாற்றுக்காரி என்ற பேர், இல்லாவிட்டால் மூக்கில்லாதவள் என்ற பேர். ரெண்டில் ஒன்றை நீதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டுக்கே வந்து பந்தியில் சாப்பிடுவார்கள் அல்லவா, அன்றைக்குப் பாதிப் பந்திதான் இருந்தது. நீ சோறு போட்டுவிட்டு, கரண்டியை வைத்துவிட்டு, நடுவில் நின்றாய்.

"எனக்கு மூக்கு செத்துப்போயி வருசம் ஆச்சுப்பா. கல்பாசி வாசன வருதா, மல்லி வாசன வருதான்னு எனக்குத் தெரியாது. மெஷின்ல வேற மசாலா கலந்துபோச்சு. என் ஏனத்துல கறி ஏறல. இஷ்டம்னா துன்னுங்க, இல்லாட்டி வேற எடம் பாத்துக்குங்க."

யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. அப்போது அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் எழுந்து அடுப்படிக்குள் போனான். ரசச் சட்டிமேல் குனிந்து நின்றான். திரும்பி வந்து தன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ரசம் சரியா இருக்குதுங்க, ஊத்துங்க," என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீயும்தான்.

விட்டுப்போனவர்களில் அநேகம் பேர் திரும்பி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருத்தன் அடுப்படிக்குப் போய் மோந்து பார்த்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சல். பொத்திப் பொத்தி நான் பார்த்த வேலையை நேற்று வந்த பயல்கள் முறைவைத்துப் பார்க்கிறார்களே என்று உன் வீட்டுப் பக்கம் சில நாள் தலைகாட்டவில்லை. நீ தம்ளரில் டீயை ஊற்றித் தட்டால் மூடி என் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தாய்.

"அவனுங்க சரி, தப்புன்னு சொல்றானுங்க. இன்னா வாசனைன்னு யாருடீ சொல்றது?" என்றாய். என் கோபம் அந்த டீ ஆறுவதற்குள் போய்விட்டது.

கடைசியில் உன்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தபோதும் ஃப்ளாஸ்கில் அதே டீதான் கொண்டுவந்தேன். அந்த வார்டில் ஃபினாயில், மருந்து, ஈரப் படுக்கை, பக்கத்துக் கட்டிலில் உரித்துப்போட்ட சாத்துக்குடித் தோல், எல்லாம் கலந்து மூக்கில் ஏறியது. நீ கண்ணைத் திறந்து, இன்னா வாசனை என்று வழக்கம்போலக் கேட்டாய். எலுமிச்சைப் புல் வாசனைதான், உன் அடுப்படி மாதிரியே இருக்கிறது என்றேன்.

நீ மெல்லச் சிரித்தாய். "பொய் சொல்லாத. இந்த எடம் நாறுது. உன் மூஞ்சி சுருங்குதே." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "நீ சொல்றதையா நான் கேட்டேன் இத்தன வருசம்? உன் மூஞ்சியத்தான் பாப்பேன். மல்லி பதமா வறுபட்டா உன் நெத்தி விரியும். அதுக்குத்தான் பேசவிட்டேன்."

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடக்க மாட்டாமல் அழுதேன். நீ போய்ச் சில வருஷம் ஆகியும், அடுப்படியில் எதை மோந்தாலும் பக்கத்தில் இருக்கிற உனக்குச் சொல்வதுபோல என் வாய் அசைகிறது. என் மருமகள் முதலில் பயந்தாள், இப்போது பழகிக்கொண்டாள். உன் எலுமிச்சைப் புல்லின் தூர் ஒன்று என் பால்கனியில் தழைத்துக் கிடக்கிறது.

இன்று கிர்ணியில் என் முறை வந்தது. மெஷினை ஓட்டுவது இப்போது அந்தக் கிர்ணிக்காரரின் மகள். என் டப்பாவை வாங்கக் கையை நீட்டியவள், என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. "தாம்பா காக்கு," கொஞ்சம் பொறுங்கள் சித்தி என்று சொல்லி, என் டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு, பின்னால் மிளகாய்ப் பையோடு நின்ற இரண்டு பேரை முன்னால் கூப்பிட்டாள்.

என்ன பார்த்தாளோ தெரியவில்லை. வாசனையை உனக்கு இங்கே எழுதிவிட்டேன். நீ பார்த்த அந்த முகத்தைத்தான் எழுதத் தெரியவில்லை.