இடிக்குக் கழற்றிய ப்ளக்

செவ்வாய், இரவு.

ஆஸ்பத்திரியின் கணினி வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய ஐபி முகவரிகளைப் பதிந்து வைக்க எந்த மென்பொருளை வாங்குவது என்று பார்க்க இன்று ஒன்றைப் பரீட்சித்தேன். பதில் தராத ஒரு முகவரியைக் காலி என்று காட்டியது. எதையும் இலகுவில் நம்பாத நான் அதை நம்பி, புதிய பிரின்டருக்குக் கொடுத்தேன்.

பின்னேரம் இருதய வார்டில் சேர்ந்த ஒருவரின் மொனிட்டர் நேர்ஸ்மாரின் திரையில் வரவேயில்லை. பிரின்டருக்கு நான் கொடுத்தது அந்த மொனிட்டரின் முகவரி.

"இடி முழங்கினா ஆளில்லாத கட்டில்ட ப்ளக்கக் கழட்டி வெக்கிறதுதானே மெடம்," என்றார் நேர்ஸ் பஸ்லியா. "நான் எட்டிப் பாக்காட்டி அந்த மனுசன் மௌத்து."

நோயாளி பிழைத்துவிட்டார். ஆனால் காலையில் இன்னும் இரண்டு முகவரிகளை அப்படியே வேறு கருவிகளுக்குக் கொடுத்தது இப்போதுதான் நினைவு வருகிறது. அவை எந்தக் கட்டில்களுடையவை என்று தெரியாது. வார்டில் போனை யாரும் எடுக்கவில்லை. நேரில் போகிறேன்.