ஏரி இல்லாத ஊர்

தோஹா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? சிதம்பரம் போய் டாக்டரைப் பார்த்தீர்களா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. என் அறைக்குப் புதிதாக வந்த வதனி இலங்கைக்காரி. என்னுடையதும் இலங்கைப் பாஸ்போர்ட் என்று கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கேட்டாள். நீங்கள் படகேறி வந்த பருத்தித்துறையைச் சொன்னேன்.

"நானும் அங்கதான்! உங்கட வீடு எவ்விடம்?"

"ஏரிக்கரையத் தாண்டி, ரைஸ்மில்லுக்குப் பின்னாடி."

"அங்க ஏது ஏரி? கடலெல்லோ இருக்கு!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். காட்டுமன்னார்கோயில் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவளுக்கு வாயில் வீராணம் ஏரிதானே வரும்? ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாஸ்போர்ட்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது. என் முகத்தோடு வேறு யாரோ ஒருத்தி உள்ளேயிருந்து பார்க்கிறாள். அவளுக்கு ஒரு நாடு இருக்கிறது. அங்கே நான் கால் வைத்ததே இல்லை.

வதனி மறுபடி கேட்பாள். பருத்தித்துறை வீட்டு வாசலில் என்ன மரம் நின்றது என்று எழுதுங்கள் அம்மா. தம்பியை ஏரிக்கரையில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு லீவு தருகிறார்கள். உங்களைப் பார்க்க வர எனக்கு விசா வேண்டுமாம். இந்தியாவில் எங்கே தங்குவேன் என்றும் சொல்ல வேண்டுமாம். நம் முகாம் வீட்டைச் சொல்லலாமா, இல்லை சிதம்பரத்தில் ஏதாவது லாட்ஜ் பெயரைச் சொல்லட்டுமா? தாசில்தார் ஆபீசில் கேட்டுச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிற வேன் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்
நிரோஷா