மலைச் சைக்கிளுக்கு டயர் வாங்கும் விஷயமாக

ராஜபாளையம்
ஐப்பசி 11

அன்பு மனைவி வெள்ளத்தாய்க்கு உன் வீட்டுக்காரன் சமுத்திரம் எழுதுவது. பூனாவில் நீயும், மகள் யுவராணியும், மாப்பிள்ளை முத்துக்குமரனும், பேரப்பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க இருளப்பசாமியை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நல்ல மழை. தோப்புக் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் ரூம் ஓட்டில் ஒழுகுகிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நீ கேட்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பேரன் போனை நக்குகிறான். பேத்தி தன் டீச்சரைப் பற்றிக் கோள் சொல்கிறாள். மாப்பிள்ளை அடுத்த அறையில் இருந்து, மாமா சைக்கிள் எப்படி ஓடுது என்று சத்தம் போட்டுக் கேட்கிறார். இத்தனை பேர் காதில் விழும்போது ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர நான் வேறு என்னத்தைச் சொல்வது? பட்டாளத்தில் இருந்து வந்த பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை யுவராணி, சின்னவன் பள்ளிக்கூடம் சேரும் வரைக்கும் அம்மா இங்கேயே இருக்கட்டும்ப்பா என்று கேட்டாள். சரிம்மா, அதுக்கென்ன என்று நானும் சொல்லிவிட்டேன். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று பெட்டி கட்டிப் போனவள் நீ. இப்போது பேரன் தத்தித் தத்தி நடக்கப்போகிறான். இன்னும் மூன்று வருஷம் என்றால் எனக்கு அறுபத்தாறு. யுவராணி அதைக் கேட்டபோது நீ பக்கத்தில்தான் இருந்திருக்கிறாய். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அது சம்மதமா சங்கடமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, டயர் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன மறுமாதமே மாப்பிள்ளை இந்தப் பேட்டரி வைத்த மலைச் சைக்கிளை அனுப்பினார் அல்லவா. பெண்டாட்டியை வாங்கிக்கொண்டு சைக்கிளைக் கொடுத்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருவர்தான் என்று நம் பங்காளிகள் இன்னமும் கேலி பேசுகிறார்கள். ஆனால் குறை சொல்லக் கூடாது, நல்ல சைக்கிள். மிதிக்க மிதிக்க மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளுகிறது. என் முழங்காலுக்கு அது தெய்வம். மம்சாபுரம் வழியாகச் செண்பகத்தோப்புக்கு, நம் தோப்பு வரைக்கும் போய்விட்டு வந்தாலும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. தோப்புக்குள் போகிற வண்டிப்பாதையில் கல்லும் முள்ளும் எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அதிலும் ஏறி இறங்கிவிடுகிறது.

கூட வந்த டயர்தான் சரியில்லை. மலைக்கென்று செய்த டயராம், பட்டன் பட்டனாகப் பார்க்கத் தடபுடலாக இருந்தது. ரப்பர் ரொம்ப மெது. சேற்றில் நன்றாகப் பிடிக்கும், தார் ரோட்டில் அழிரப்பர் மாதிரி தேயும். நமக்கோ பாதிக்கு மேல் தார் ரோடு. மோட்டார் தள்ளுவதால் பின் டயர் எட்டே மாதத்தில் நடுவில் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு பஞ்சர். சீமைக்கருவேல முள் சைக்கிள் வருவதைப் பார்த்துக் காத்திருந்து குத்துகிறது என்று நினைக்கிறேன்.

பட்டாளத்துக்காரன் புத்தி உனக்குத் தெரியாதா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் போய், இருப்பதிலேயே உறுதியான டயரைக் கொடு என்று நின்றேன். அவன் காற்றே அடிக்க வேண்டாத டயர் ஒன்றை எடுத்துப்போட்டான். உள்ளே டியூப் கிடையாது, முழுக்கக் கட்டி ரப்பர். முள் குத்தினாலும் கவலை இல்லை, ஆணி ஏறினாலும் கவலை இல்லை என்றான். கவலை எல்லாம் என் முதுகுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கல்லும் நேராக மண்டையில் வந்து இடித்தது. பல் செட் கட்டியிருந்தால் மம்சாபுரம் தாண்டுவதற்குள் விழுந்திருக்கும். இருந்தாலும் வாங்கியதை விடுவானேன் என்று ஒரு மாதம் ஓட்டினேன். வீம்புதான். நீ இருந்தால் இரண்டாம் நாளே கழற்ற வைத்திருப்பாய்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டுப் பதறாதே. யுவராணியிடமும் காட்டாதே. பத்து நாளைக்கு முன்னால் ஒரு மழையில், தோப்புக்கு முந்தின ஓடைக் கல்லில் அந்தக் கட்டி டயர் வழுக்கிவிட்டது. காற்றடித்த டயர் கொஞ்சம் அமுங்கிக் கல்லைப் பிடிக்கும். இது அமுங்கினால்தானே. இடது தோள் அடிபட விழுந்தேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை, சதையில்தான் அடி என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். கையைத் தொட்டில் கட்டித் தொங்கப் போட்டிருக்கிறேன். பேண்டேஜ் துணி நெய்கிற சத்திரப்பட்டி பக்கத்தில் இருக்கிற ஊரில் கட்டுத் துணிக்கா பஞ்சம்.

விழுந்த வலிகூடப் பெரிதில்லை. பாரஸ்ட்டில் வாட்சராக இருக்கிற ஆண்டிச்சாமி, கூமாப்பட்டிப் பையன், ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தான். தோளில் இருந்த சேற்றைத் துடைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

“வீட்டுல யாருக்குப் போன் போடணும், சொல்லுங்க.”

எனக்கு ஒரு பெயர்தான் வாயில் வந்தது. அந்தப் பெயர் பூனாவில் இருக்கிறது. யாருக்கும் வேண்டாம்ப்பா என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வெள்ளத்தாய், எல்லையில் பனியில் நின்றபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அந்த ஓடைக்கரையில் அழுகை வந்துவிட்டது. மழை பெய்ததால் அவனுக்குத் தெரிந்திருக்காது.

மறுநாள் சைக்கிளை நம் தெரு முனையில் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரனிடம் கொடுத்துவிட்டேன். மருதுபாண்டி வீட்டுக்குக் குடிவந்தவன்தான், நீ பார்த்திருக்க மாட்டாய். கொஞ்சம் வாயாடி. அந்தக் கட்டி டயரைக் கழற்ற அவன் பட்ட பாட்டில் என்னையும் கடைக்காரனையும் சேர்த்துத் திட்டினான். அப்புறம் கோயம்புத்தூரில் இருந்து வரவழைக்கலாம் என்று போனில் இரண்டு டயரின் படத்தைக் காட்டினான்.

ஒன்று நடுவில் தட்டைக் கட்டைகளும் ஓரத்தில் பட்டனும் உள்ள டயர். தார் ரோட்டில் தேயாது, ஓரத்துப் பட்டன் மண்ணில் பிடிக்கும். ரப்பருக்கு அடியில் முள் ஏறாமல் ஒரு பட்டை இருக்கிறது. உள்ளே பசைத் தண்ணீர் ஊற்றிவிட்டால் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். கனமும் கிடையாது, பேட்டரியும் இப்போது மாதிரியே தூரம் வரும். என் எடை ஒன்றுக்கு மூன்று வருஷம் தாராளமாக உழைக்கும் என்றான்.

இன்னொன்று பேட்டரி சைக்கிளுக்கென்றே செய்தது. பக்கச் சுவர் இரட்டைத் தடிமன். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வளையாது. அதுவும் வெகுநாள் உழைக்கும். ஆனால் டயரே கனம், இழுக்கப் பேட்டரி அதிகம் தின்னும். தோப்புக்குப் போனால் மோட்டார் ரூமில் சார்ஜ் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துதான் திரும்ப முடியும்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, முதல் டயரைப் போடு என்று சொல்லிவிட்டு நான் வந்திருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. காரணம் அந்தக் கேரியர். உன்னிடம் சொல்லாத இன்னொரு விஷயம் அது. இந்தச் சைக்கிளுக்குப் பின்னால் கேரியரே கிடையாது. ஆடி மாதம் லேத் பட்டறையில் கொடுத்து, கனத்த கம்பியில் தாங்குகால் வைத்து ஒன்று செய்து பூட்டினேன். உரச்சாக்கு ஏற்ற என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மாரீஸ்வரன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“உரச்சாக்குக்கு எதுக்கு மாமா குஷனு? ஒத்த ஆளா டபுள்ஸா, அதச் சொல்லுங்க மொதல்ல.”

வெறும் கம்பியில் உட்கார்ந்தால் உனக்கு இடுப்பு வலிக்குமே என்று நாலு விரல் கனத்தில் குஷன் தைத்துப் போட்டிருந்தேன். நீ வருவாய் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். அவனிடம் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வீடு வரைக்கும் டபுள்ஸ் டபுள்ஸ் என்றுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்யாணமான மறுவருஷம் லீவில் வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் பார்க்க உன்னைச் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனேனே, ஞாபகம் இருக்கிறதா. மம்சாபுரம் தாண்டியதும் பின் டயர் கிழிந்து டியூப் வெளியே பிதுங்கியது. பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே கொடுத்து, தேங்காய் நார்க் கயிற்றால் ரிம்மோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினேன். பிரேக் கட்டையில் கயிறு உரசும் என்று அதையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நான் எறங்கி நடந்து வாரேன் என்று நீ கேட்டாய். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி நடந்து போவதா என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்று முடிச்சு தரையில் தட்டி உன்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தூக்கலுக்கும் நீ சிரித்தாய். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நாம் போவதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது. வடத்தை மட்டும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பை அப்புறம் எத்தனையோ மலை முகாமில் படுத்துக்கொண்டு நினைத்திருக்கிறேன். அதை உன்னிடம் சொன்னதே இல்லை. அந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் சொன்னார்கள். இப்போது அதே ரோட்டில் தனியாகப் போகிறேன். சைக்கிள் சத்தமே போடாமல் ஓடுகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நான் பட்டாளத்தில் இருந்தேன். நீ எழுதிய கடிதங்களில் மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, அடுத்த வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கும். ‘வாங்க’ என்று மட்டும் ஒரு தடவைகூட எழுதியதில்லை. யுவராணி கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு டைபாய்டு வந்து பிழைத்ததையே நான் அடுத்த லீவில் வந்துதான் தெரிந்துகொண்டேன். ஏன் எழுதவில்லை என்று அன்றைக்கு உன்னைச் சத்தம் போட்டேன். இப்போது தோளில் கட்டோடு உட்கார்ந்து ‘நல்லா இருக்கேன்’ என்று உன்னிடம் சொல்கிறேன் பார், எவ்வளவு சுலபமாக வருகிறது. மற்ற வார்த்தைதான் வரமாட்டேன் என்கிறது. நீ அத்தனை வருஷம் எப்படி இருந்தாய், வெள்ளத்தாய்?

யுவராணி பாவம்தான். நீ இல்லாமல் அவள் வேலைக்குப் போவது கஷ்டம், எனக்குப் புரியாமல் இல்லை. பேரன் உன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியும். கீழே பூங்காவில் அந்த மராட்டிப் பெண்களோடு நடக்கப் போகிறாய், இந்தியில் வாயடிக்கிறாய் என்று பேத்தி சொன்னாள். உனக்கு அந்த ஊர் பிடித்துப்போயிருந்தால் அதுவும் தப்பில்லை. நாற்பது வருஷமாக நீ எனக்காகவும் தோப்புக்காகவும் ஒரே இடத்தில் இருந்தவள். உன்னைக் கையைப் பிடித்து இழுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். ஒற்றை ஆள் டயரை நான் வாங்கப்போவதில்லை. நீ வந்தால் கனத்த டயரைப் போடுவோம். தோப்பில் சார்ஜ் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம், நமக்கு என்ன அவசரம். நீ வர முடியாது என்றால் சைக்கிளை மாரீஸ்வரனிடமே கொடுத்துவிட்டு, தோப்பைக் குத்தகைக்கு விட்டு, நான் அங்கே வந்துவிடுகிறேன். யுவராணியின் அந்தப் பதினாலாவது மாடி வீட்டில் முன்னே ஒரு தடவை இருபது நாள்கூடத் தாங்காமல் ஓடி வந்தவன்தான் நான். இந்தத் தடவை ஓடி வர மாட்டேன். பேரனைத் தூக்கிக்கொண்டு நானும் பூங்காவுக்கு வருகிறேன். என் பட்டாளத்து இந்தி அந்த ஊருக்குப் போதும்.

பேரன் பேத்தி இருவருக்கும் என் முத்தம். யுவராணியும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும், வேலைக்காகக்கூடப் பிரிய வேண்டாம்.

பதில் நீளமாக எழுத வேண்டாம், ஒரு வார்த்தை போதும். ‘வாரேன்’ என்று எழுது. இல்லையென்றால் ‘வாங்க’ என்று எழுது. எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். போனில் மட்டும் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடாதே.

உனக்காகக் காத்திருக்கும்,
சமுத்திரம்