மதகுக்கல் பெயர்ந்த பக்கம்

மார்ச் 3
நிலம் அளக்கும் அளவைக்கார அம்மா வந்திருந்தார். நம் சரிவின் படிவயல்களையும் கல்வாய்க்காலையும் பழமை மாறாமல் காப்பதா, புதுச் சாலைக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்யப் போகிறார்களாம். வாய்க்கால் செத்து இருபது வருடம் ஆயிற்று என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "சாகலன்னு காட்ட எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "யாருக்கு எப்ப தண்ணின்னு என் வீட்டுக்காரி பதினாறு வருஷமா எழுதுறா. நான் தும்முனாக்கூட அதுல இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது.

மார்ச் 4
தண்ணீர்முறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழாம் பக்கம். "இன்று கீழ்வீட்டார் முறை. கொழுந்தன் மதகுக்கல்லைப் பெயர்த்துத் தண்ணீரை நம் வயலுக்குத் திருப்பினார். பார்த்தேன். சொல்லவில்லை." வறட்சி வருடம் அது. கீழ்வீட்டுக்காரரின் பயிர் மொத்தமும் கருகியது. கல் தானாகச் சரிந்தது என்றே இன்றும் நம்புகிறார்.

மார்ச் 5
அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னதும் கொழுந்தன் சமையலறை வாசலிலேயே நின்றார். "ஒரே ஒரு தாளு அண்ணி. கிழிச்சிடுங்க."

"பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருக்கேன் தம்பி."

"கடவுளுக்குப் பயந்து எழுதுனீங்க. மனுஷனுக்குப் பயந்து கிழிங்களேன்."



மார்ச் 8
பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கிழித்தால் பொய். மறைத்தால் வயல் போகும். கொடுத்தால் — தம்பிய அடிச்சே போட்டுருவாங்களோ? நான் மட்டும் என்ன யோக்கியம்? பாத்துட்டு வாய மூடிக்கிட்டவதானே.

மார்ச் 9
அளவைக்கார அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன். முழுசாக.

மார்ச் 17
கூட்டம். "வீட்ல உக்காந்து யார் வேணா எழுதலாம்" என்றார் சாலை அதிகாரி. அளவைக்கார அம்மா என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். நாற்பத்தேழாம் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு அதிகாரியிடம் கேட்டார்: "கதை எழுதுறவங்க சொந்தக் கொழுந்தன் திருட்டையா எழுதுவாங்க? செத்த வாய்க்கால்ல திருட என்னங்க இருக்கு?"

கீழ்வீட்டுக்காரர் எழுந்தார். போய்விட்டார்.

மார்ச் 18
கதவுச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறேன். கீழ்வீட்டுக்காரர் திட்டவாவது வந்திருக்கலாமே.

மார்ச் 29
வயல்கள் தப்பின. புத்தகமும் திரும்பி வந்தது. தண்ணீர் இறங்கும் விதத்தை விளக்கிப் பலகை வைப்பார்களாம். கல் பெயர்த்த இடத்தைக் கொழுந்தனே அவர்களுக்குக் காட்டினார். சந்தோஷப்பட முடியவில்லை.

ஏப்ரல் 6
கீழ்வீட்டார் முறை. ஆறிலிருந்து ஒன்பது வரை கொழுந்தன் மதகிலேயே நின்று, ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரவிடவில்லை.

ஒன்பதரைக்குக் கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. புத்தகத்தைக் கேட்டார். இன்றைய வரியை இரண்டு முறை படித்தார். பேனா கேட்டார். அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே என் முறைக்கெல்லாம் நானும் போடுவேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மை காயும்வரை புத்தகத்தை நான் மூடவில்லை.