சாவி என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இன்று காலை பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வந்ததும் முதல் வேலையாக ரோலர் கோஸ்டரின் மெயின் சுவிட்சில் என் பூட்டைப் போட்டேன். பழுது பார்ப்பவர் பூட்டினால், அவரே திறக்கும்வரை வண்டி ஓடாது. அதுதான் இங்கே முறை. சோதித்தபோது ஒரு சக்கரத்தின் அச்சில் மயிரிழை விரிசல். புது அச்சு வர இரண்டு நாளாகும்.

மேனேஜர் வந்து குதித்தார். "லீவு நாள்மா, கூட்டம் அள்ளுது. சாவியக் குடுங்க."

"முதல் ரவுண்டு நீங்க போறீங்களா சார்?"

"எனக்குத் தலை சுத்தும்."

பக்கத்தில் நின்ற வெல்டர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாளைக்குள்ள திறக்கலேன்னா மூட்டையக் கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். நீ கவலைப்படாதே, வெறும் உருட்டல் மிரட்டல்தான்.

அடுத்த முறை நான் போன் பண்ணும்போது, பேச ஒன்றுமில்லை என்றாலும் உடனே வைத்துவிடாதே. குக்கர் விசிலாவது காதில் விழட்டும்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். என்னை வெளியே அனுப்பிவிட்டு, பூட்டை உடைத்து வண்டியை ஓட்டினால், நான் ஊருக்குக் கிளம்பமாட்டேன். டிக்கெட் வரிசையின் முன்னால் நின்று, ஏற வரும் ஒவ்வொருவரிடமும் அந்த விரிசலைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

உன் மகள்